கொழுப்பு மாத்திரையால்தான் அப்பாவுக்குக் கை நடுங்குகிறதா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம், தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து கோயம்புத்தூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், பிரஷருக்கு இரண்டு மாத்திரை. போன ஓணத்துக்கு முன்னாலிருந்து வலது கை நடுங்குகிறது, நடையும் மெதுவாகிவிட்டது. நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லி சின்டோபா மூன்று வேளை எழுதிக் கொடுத்தார். சித்தூர் மாமா வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். கொலஸ்ட்ரால் குறைந்தால் பார்க்கின்சன் வரும், மூளையே கொழுப்பால் ஆனது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மூளையைக் கரைத்துவிடும் என்று அதில் ஒருவர் பேசுகிறார். அப்பாவுக்கு எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு முன்பு 148 இருந்தது, கடைசி ரிப்போர்ட்டில் 58. அதைப் பார்த்துப் பயந்து மூன்று வாரமாக கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். தினமும் காலையில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் குடிக்கிறார். மாமா கொடுத்த நாய்க்குரணப் பொடியும் ராத்திரி பாலில் கலந்து போகிறது. மாத்திரை அட்டைகளை எல்லாம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, அம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்: என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே, பத்து வருடத்துக்கு மேலாக, அப்பா தூக்கத்தில் கத்துவார், கையைக் காலை வீசுவார். பலாப்பழம் வீட்டில் இருந்தால்கூட வாசனை தெரியாது என்பார். மலச்சிக்கலும் ரொம்ப நாளாக. எங்களுக்கும் இந்த நோய் வருமா? தோப்பைப் பார்த்துக்கொள்வது என் தம்பிதான்.

பதில்:

வணக்கம்மா. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை ஆற அமரப் பேசலாம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது கை நடுக்கம் அல்ல, ஸ்டென்ட் வைத்தவர் மூன்று வாரமாக ஸ்டாட்டின் போடவில்லை என்ற வரி. இதைப் படித்து முடித்ததும் இதய டாக்டருக்கு ஒரு போன் போட்டு, அப்பா தானாக நிறுத்திவிட்டார் என்று மறைக்காமல் சொல்லி, மறுபடி ஆரம்பிப்பதைப் பற்றிக் கேளுங்கள். பார்க்கின்சன் இருக்கிறது என்பதற்காக அதை நிறுத்தி வைக்க ஒரு காரணமும் இல்லை. ஸ்டென்ட் அடைத்துப்போன ஒரே ஒரு இடத்தைத்தான் திறந்து வைத்திருக்கிறது. மற்ற குழாய்களின் உட்சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டுகள் எந்த நேரத்திலும் கிழிந்து அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த மாத்திரையின் வேலை. பார்க்கின்சன் வருடக்கணக்கில் மெதுவாக நகரும் நோய். ஹார்ட் அட்டாக் அப்படிக் காத்திருக்காது.

சரி, இப்போது மாமாவின் வீடியோவுக்கு வருவோம். அது முழுப்பொய் இல்லை, அதனால்தான் அதை மறுப்பது கஷ்டமாக இருக்கிறது. கொலஸ்ட்ராலுக்கும் பார்க்கின்சனுக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்மையிலேயே உண்டு, இருபது வருடமாக வந்துகொண்டிருக்கின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் வயதானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து 2006ல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவாக வந்திருந்தது, ஆனால் பெண்களிடம் மட்டும். ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பார்த்தபோது எல்.டி.எல். குறைந்தவர்களுக்கு நோய் சற்று அதிகம். 2018ல் இஸ்ரேலில் வந்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதை, இந்த முறை ஆண்களிடம். வீடியோக்காரர் இதுவரை படித்திருப்பார் போல. பின்லாந்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சராசரியாக 18 வருடம் பின்தொடர்ந்து 2008ல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர் எதிர்: அங்கே கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்குத்தான் பார்க்கின்சன் அதிகமாக வந்தது. இதை அவர் சொல்லவில்லை. ஒரு ஊரில் பெண்களுக்கு, இன்னொரு ஊரில் ஆண்களுக்கு, வேறொரு நாட்டில் தலைகீழாக என்று முடிவுகள் இப்படி அலைந்தால், கொலஸ்ட்ராலே நேரடிக் காரணம் என்று நம்ப எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பார்க்கின்சன் கை நடுங்க ஆரம்பிக்கிற அன்று பிறக்கிற நோய் அல்ல. உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்புச் செல்களில் பாதியோ அதற்கு மேலோ அழிந்த பிறகுதான் நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வெளியே தெரியும். அதற்குப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பே நோய் குடலிலும் மூக்கு நரம்பிலும் மூளைத்தண்டிலும் சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கியிருக்கும். அந்தக் காலத்தில் வாசனை தெரியாததால் சாப்பாட்டில் ருசி குறையும், குடல் மெதுவாகும், சிலருக்கு எடையும் இறங்கும். எடை இறங்கினால் கொலஸ்ட்ரால் இறங்குவது சகஜம். ஆக, கொலஸ்ட்ரால் குறைந்ததால் நோய் வந்ததா, நோய் உள்ளே வந்துவிட்டதால் கொலஸ்ட்ரால் குறைந்ததா? ரத்தப் பரிசோதனைச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துப் பார்க்க வேறு ஒரு வழி இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே மரபணு காரணமாக எல்.டி.எல். குறைவாக இருக்கும், கருவில் இருந்தே குறைவு, மாத்திரையும் கிடையாது, நோயும் கிடையாது. குறைந்த கொலஸ்ட்ரால்தான் பார்க்கின்சனை வரவழைக்கிறது என்றால் இவர்களுக்கு அது அதிகமாக வந்திருக்க வேண்டும் அல்லவா? டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவை வைத்து இதைப் பார்த்தார்கள். 2017ல் முடிவு வந்தது. ஸ்டாட்டின் எந்த இடத்தில் வேலை செய்கிறதோ அதே இடத்தில் மாற்றம் உள்ளவர்களுக்கும் பார்க்கின்சன் கூடவில்லை. மரபணுவை வைத்துச் செய்த வேறு சில கணக்குகள் கொஞ்சம் வேறு மாதிரி சாய்ந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், விவாதம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிற ஒருவர் மாத்திரையைத் தூக்கிப் போடுகிற அளவுக்கு அந்தப் பக்கத்தில் கனம் இல்லை.

ஸ்டாட்டின் மாத்திரையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் கதை இன்னும் வேடிக்கை. ஒரு காலத்தில் ஸ்டாட்டின் பார்க்கின்சனைத் தடுக்கும் என்றுதான் ஆய்வுகள் வந்தன. அப்புறம் சிலர் அதே தகவல்களைத் திரும்ப எடுத்து, மாத்திரை ஆரம்பிக்கும் முன் அவர்களுக்கு இருந்த கொலஸ்ட்ரால் அளவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பாதுகாப்பு காணாமல் போனது. 2017ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு ஆய்வு: ஸ்டாட்டின் தொடங்கிய முதல் இரண்டரை வருடத்தில் பார்க்கின்சன் கண்டுபிடிக்கப்படுவது அதிகம் என்று. உங்கள் மாமாவின் வீடியோ அநேகமாக இங்கிருந்துதான் கிளம்பியிருக்கும், அப்பாவுக்கும் சரியாக இரண்டு வருடம் ஆகிறது, எனவே உங்களுக்குப் பயம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது இன்சூரன்ஸ் பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு. நெஞ்சுவலி வந்து மாத்திரை தொடங்கியவர் அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவராக இருப்பார், தொடங்கிய பிறகு மாதாமாதம் போவார், யாராவது ஒரு டாக்டர் கண்ணில் அந்த நடுக்கம் பட்டுவிடும். அந்த இரண்டரை வருடக் கணக்கில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

இதெல்லாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற ஆய்வுகள். நேரடியாகவே ஒரு பரிசோதனையும் நடந்தது. இங்கிலாந்தில் பார்க்கின்சன் உள்ள 235 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாட்டின் அதிக அளவில், தினம் 80 மில்லிகிராம் வரை, மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று இரண்டு வருடம் கொடுத்தார்கள். நோயின் வேகத்தை ஸ்டாட்டின் குறைக்கும் என்ற நம்பிக்கையில் செய்தது அது. 2022ல் முடிவு வெளியானது: குறைக்கவில்லை. எனவே பார்க்கின்சனுக்கு மருந்தாக ஸ்டாட்டினை யாரும் எழுதப்போவதில்லை. அப்பாவுக்கு அது இதயத்துக்காக எழுதப்பட்டது, அதற்காக மட்டும் தொடரட்டும்.

இப்போது அம்மா எழுதச் சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கு நான் சொல்வதைவிட நல்ல பதில் அதில்தான் இருக்கிறது. தூக்கத்தில் கத்திக் கை கால் வீசுவது, வாசனை தெரியாமல் போவது, நாள்பட்ட மலச்சிக்கல், இந்த மூன்றும் சேர்ந்தே இருந்தால் நரம்பு டாக்டர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கனவு வரும் நேரத்தில் நம் உடம்பு இயல்பாகவே அசையாமல் கட்டிப்போடப்பட்டிருக்கும். அந்தக் கட்டு அவிழ்ந்துபோனவர்கள் கனவில் ஓடினால் படுக்கையிலும் ஓடுவார்கள், யாரையாவது அடித்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அடி விழும். இந்தத் தூக்கக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சனோ அதன் உறவுக்கார நோயோ வருகிறது. அப்பாவுக்கு இது பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறது. கொழுப்பு மாத்திரை ஆரம்பித்து இரண்டு வருடம். அவருக்கு எல்.டி.எல். 148 இருந்த காலத்திலேயே, ஒரு மாத்திரையும் போடாத காலத்திலேயே, நோய் உள்ளே நடந்துகொண்டிருந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள், பெரிய விஷயத்தைக் கவனித்திருக்கிறார். அடுத்த முறை நரம்பு டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தத் தூக்கத் தொல்லைக்குத் தனியாகவே மருந்து இருக்கிறது, அதுவரை கட்டிலின் ஓரத்தில் கூர்மையான மேஜை எதுவும் வேண்டாம்.

மூளையில் கொழுப்பு நிறைய இருக்கிறது என்பது சரிதான். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு இருக்கும் மூளைக்குள் உடம்பின் மொத்தக் கொலஸ்ட்ராலில் கிட்டத்தட்ட கால்வாசி இருக்கிறது. ஆனால் அது ரத்தத்திலிருந்து வந்ததல்ல. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் செக்போஸ்ட் மாதிரி ஒரு தடுப்பு இருக்கிறது. எல்.டி.எல். என்கிற லாரி அதைத் தாண்டாது. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே உள்ளேயே தயாரித்துக்கொள்கிறது. அதனால் ரத்த ரிப்போர்ட்டில் 58 என்று இருப்பதை வைத்து மூளை பட்டினி கிடக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். இன்னொன்று, அந்த 58 குறைபாடு இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு எல்.டி.எல்.லை 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழேயே வைக்க வேண்டும் என்பது இதய டாக்டர்களின் இலக்கு. லேப் ரிப்போர்ட்டில் எல்லாருக்கும் பொதுவாக அச்சடித்த அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிறவியிலேயே எல்.டி.எல். 15ஐ ஒட்டி இருந்தும் நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருப்பவர்களை மருத்துவ உலகம் பார்த்திருக்கிறது.

தேங்காய் எண்ணெய். பொள்ளாச்சியில் உட்கார்ந்துகொண்டு இதைத் திட்டினால் எனக்குச் சாயங்காலம் வீட்டில் சோறு கிடைக்காது. அவியலுக்கு மேலே ஒரு சுற்று ஊற்றுவதையோ மீன் குழம்பு தாளிப்பதையோ நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மருந்து மாதிரி ஸ்பூனில் குடிப்பது வேறு. அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு, அது எல்.டி.எல்.லை ஏற்றும். மாத்திரையையும் நிறுத்தி, எண்ணெயையும் சேர்த்தால் இரண்டு பக்கமும் இதயத்துக்கு எதிராகவே போகிறது, மூளைக்கோ ஒரு சொட்டுக்கூடப் போய்ச் சேரவில்லை.

அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பியது ரொம்ப நல்ல காரியம், ஏனென்றால் நான் கவலைப்பட வேண்டிய மாத்திரை அதில் ஒன்று இருக்கிறது, அது கொழுப்பு மாத்திரை அல்ல. நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாமலே விட்ட அந்தக் கேஸ் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ரேபிபிரசோல் என்று ஒரு பெயரும், அதன் பக்கத்தில் லெவோசல்பிரைடு என்று இன்னொரு பெயரும் இருக்கும். ரேபிபிரசோல் அமிலத்தைக் குறைப்பது, அதனால் தொல்லை இல்லை. லெவோசல்பிரைடு வயிற்றை வேகமாக நகர்த்துவதற்காகச் சேர்த்தது, ஆனால் அது வேலை செய்யும் விதமே டோபமைனைத் தடுப்பது. மூளைக்குள்ளும் போய்த் தடுக்கும். டோபமைன் குறைந்துபோன ஒருவருக்கு ஒரு பக்கம் சின்டோபாவால் டோபமைனைக் கொடுத்துக்கொண்டு, மறுபக்கம் கேஸ் மாத்திரையால் அதை வேலை செய்ய விடாமல் அடைத்துக்கொண்டிருக்கிறோம். பார்க்கின்சனே இல்லாத ஆட்களுக்குக்கூட இந்த மாத்திரை மாதக்கணக்கில் போட்டால் கை நடுக்கம், நடைத் தளர்ச்சி, வாய் தானாக மெல்லுவது எல்லாம் வருவதைக் கொரியாவிலிருந்து 2009லேயே எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் இது பெட்டிக்கடை மிட்டாய் மாதிரி போகிறது. ஒருமுறை யாரோ எழுதிய சீட்டை வைத்து மெடிக்கலில் வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள், எழுதியவருக்கே மறந்துபோயிருக்கும்.

எனக்கு இது எவ்வளவு நாளாகப் போகிறது என்று தெரிய வேண்டும். ஓணத்துக்கு முன்பே ஆரம்பித்தாரா, பின்பா? மாத்திரையால் மட்டும் வருகிற நடுக்கம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், வாசனை போயிருக்காது, மாத்திரையை விட்ட பிறகு சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறும். அப்பாவுக்கு ஒரு பக்கத்தில் ஆரம்பித்திருக்கிறது, வாசனையும் போயிருக்கிறது, எனவே உங்கள் நரம்பு டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருந்த நோயைக் கேஸ் மாத்திரை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டிருக்க வாய்ப்பு உண்டு. அந்த அட்டையை நரம்பு டாக்டரிடம் காட்டி, லெவோசல்பிரைடு இல்லாத மாத்திரையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். சாதாரண ரேபிபிரசோல் மட்டும் போதும் என்றே சொல்வார் என்று நினைக்கிறேன். வாந்தி வந்தால் டோம்பெரிடோன் என்று ஒன்று உண்டு, அது மூளைக்குள் அவ்வளவாகப் போகாது, ஆனால் இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடியது. ஸ்டென்ட் வைத்தவர் ஈ.சி.ஜி. பார்க்காமல் தானாக வாங்கிப் போடக் கூடாது. வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கு சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கு ஃப்ளூனரிசின், இந்தப் பெயர்களையும் ‘அப்பாவுக்கு வேண்டாம்’ என்று ஒரு காகிதத்தில் எழுதி மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள். பாலக்காட்டில் ஒரு டாக்டர், கோயம்புத்தூரில் ஒரு டாக்டர், ஊரில் அவசரத்துக்கு ஒருவர் என்று எல்லையின் இரண்டு பக்கமும் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு இந்த ஆபத்து ஒரு படி கூடுதல். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியவே தெரியாது.

நாய்க்குரணப் பொடியை நான் கேலி செய்யமாட்டேன். தமிழில் பூனைக்காலி என்பார்கள். அந்த விதையில் லெவோடோபாவே இருக்கிறது, சின்டோபாவில் இருக்கும் அதே சரக்கு. ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்கிற நடுக்க நோய்க்கு அதைக் கொடுத்து வந்ததற்கு இது ஒரு நல்ல காரணம். தொல்லை என்னவென்றால் எந்தப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் மாறும். சின்டோபா மூன்று வேளை போகிற ஒருவர் ராத்திரி ஒரு ஸ்பூன் கணக்கில்லாத லெவோடோபாவும் சாப்பிட்டால், மருந்து கூடிப்போய் உடம்பு தானாக வளைந்து நெளிய ஆரம்பிக்கலாம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம், பிரஷர் திடீரென்று இறங்கலாம். மாமாவின் மனசு நோகாமல், டாக்டர் இரண்டில் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார் என்று என் பேரிலேயே போட்டுவிடுங்கள்.

பிரஷர் என்றதும் ஞாபகம் வருகிறது. மருந்துச் சீட்டில் எதையாவது குறைக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றினால், இதய டாக்டரிடம் கேட்கத் தகுந்தது பிரஷர் மாத்திரையைப் பற்றி. பார்க்கின்சன் தானாகவே எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கும், லெவோடோபாவும் இறக்கும், அதன்மேல் இரண்டு பிரஷர் மாத்திரை. ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்து தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது பெரிய அடி. வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் ஒருமுறை எடுத்து எழுதி வையுங்கள். மேல் எண் 20க்கு மேல் விழுந்தால் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காமல் டாக்டருக்குச் சொல்லுங்கள். அவராகக் குறைப்பார், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கொலஸ்ட்ராலுக்கும் நடைக்கும் சந்தேகமே இல்லாத ஒரு சம்பந்தம் உண்டு, வீடியோவில் அது வந்திருக்காது. மூளைக்குள் இருக்கும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அடைத்து அடைத்து வருகிற பார்க்கின்சன் மாதிரியான ஒரு நிலை இருக்கிறது. கை நடுக்கம் பெரிதாக இருக்காது, ஆனால் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி சின்ன அடியாக நடப்பார்கள், லெவோடோபாவுக்குச் சரியாகக் கேட்காது. சுகர், பிரஷர், கொழுப்பு, பீடி எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது அது. சிகாகோவில் முதியவர்களைப் பின்தொடர்ந்து 2022ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டாட்டின் போட்டவர்களுக்கு இந்த மாதிரி நடைத் தளர்ச்சியும் விறைப்பும் வருவது குறைவாகத்தான் இருந்தது, மூளை ரத்தக்குழாய்களில் கொழுப்பு படிவது குறைந்ததும் அதற்கு ஒரு காரணமாகத் தெரிந்தது. அப்பாவுக்கு ஏற்கனவே இதயக் குழாய் அடைத்திருக்கிறது. ஒரு நோயோடு நடப்பதே கஷ்டம், மேலே இரண்டாவதும் சேர வேண்டாம்.

ஸ்டாட்டின் ஆரம்பித்த பிறகு தொடையிலோ தோளிலோ வலி, படியேற முடியாத பலவீனம் இருந்ததா என்று மட்டும் அப்பாவைக் கேளுங்கள். அது சிலருக்கு உண்மையிலேயே வரும், பார்க்கின்சனின் விறைப்போடு கலந்துபோய்க் கண்டுபிடிக்க முடியாமல் போகும். இருந்தால் சி.பி.கே. என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வேறு ஸ்டாட்டினுக்கோ, ஸ்டாட்டின் அல்லாத கொழுப்பு மாத்திரையான எசெட்டிமைபுக்கோ மாற்றலாம். மாற்றுவது வேறு, விடுவது வேறு.

சின்டோபாவைச் சாப்பாட்டோடு போடுகிறாரா? பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மீன், முட்டை, பால், பருப்பு எல்லாவற்றிலும் உள்ள புரதம் குடலில் லெவோடோபாவோடு வழிக்குச் சண்டை போடும். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னாலோ, சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்தோ வெறும் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். சிலருக்கு இந்த நேரத்தை மாற்றினாலே நடை தெளிந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையையும் அதே நேரத்தில் போட வேண்டாம். அப்புறம் நடை. தோப்பில் வரப்பைச் சுற்றி தினம் காலையில் வேகமாக, கையை வீசி, அடியைப் பெரிதாக எடுத்து வைத்து நடக்கட்டும். தடுக்கி விழும் அளவுக்கு இருந்தால் வரப்பு வேண்டாம், வாசலில் நடக்கட்டும். பார்க்கின்சனுக்கு நான் முழு மனதோடு சிபாரிசு செய்யும் விஷயங்களில் இது முதல் வரிசையில் இருக்கிறது, செலவும் இல்லை. மருந்து பற்றி இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் இந்த மாதிரி அசைவுக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

உங்களுக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். அறுபதுக்கு மேல் ஆரம்பிக்கும் பார்க்கின்சன் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை. மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான், அதற்காக இப்போது எந்தப் பரிசோதனையும் வேண்டாம். தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள். தோப்பில் களைக்குப் பாரக்வாட் அடிக்கிறார் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். கேரளத்தில் அதை 2011லேயே தடை செய்துவிட்டார்கள், இருந்தாலும் எல்லையைத் தாண்டி வந்து வாங்கிப் போகிறவர்கள் உண்டு என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும். அதே 2011ல் அமெரிக்காவில் பூச்சிமருந்து கையாள்பவர்களைப் பார்த்த ஆய்வில், பாரக்வாட் அடித்தவர்களுக்குப் பார்க்கின்சன் இரண்டரை மடங்கு அதிகம் இருந்தது. இவ்வளவு நாள் அப்பா கைலியோடு, வெறும் காலோடு எதை எதை அடித்தாரோ, அதை இப்போது பேசிப் பயன் இல்லை. அடிக்கிற எதையும் கையுறை, முகமூடி போட்டு அடிக்கட்டும்.

அப்பாவுக்கு 62 வயதில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் தம்பிக்கும் அப்பாவிடமிருந்து வரக்கூடியது அதுதான் என்பேன். இரண்டு பேரும் இந்த மாதத்துக்குள் ஒரு லிப்பிட் புரொஃபைலும் சுகரும் எடுத்துப் பாருங்கள். தம்பிக்கு எல்.டி.எல். கூடி இருந்து டாக்டர் மாத்திரை எழுதினால், மாமா அடுத்து அனுப்பும் வீடியோவைப் பார்த்து நிறுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.